குகை அச்சகத்தில் வெப்மின்: ஒன்றரை வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எங்கள் மிஷின் மாஸ்டர் கேட்கிற முதல் கேள்வி, "சம்பா எந்திரிச்சிடுச்சாம்மா?" பத்திரிகை அடிக்க வந்த பார்ட்டி யாராவது அந்த நேரத்தில் நின்றிருந்தால், நாங்கள் பக்கத்தில் அரிசி மண்டியும் நடத்துகிறோம் என்று நினைத்திருப்பார். மாஸ்டர் கேட்பது சாம்பாவை. மாடிப்படிக்குக் கீழே, ஆர்ட் பேப்பர் ரீம்களை ஒட்டி உட்கார்ந்திருக்கிற பழைய கம்ப்யூட்டரில் ஓடும் ஃபைல் சர்வர் அது. அதை நான் மேய்ப்பது, சர்வரைப் பிரவுசரிலிருந்தே நிர்வகிக்க உதவும் வெப்மின் என்ற கருவியை வைத்து. இரண்டு முகூர்த்த சீசனும் ஒரு கோட்டை மாரியம்மன் பண்டிகையும் தாண்டிவிட்டதால், இனி இதைப் பற்றி எழுதலாம் என்ற தைரியம் வந்திருக்கிறது.

எங்களுடையது சேலம் குகையில் ஒரு சின்ன ஆஃப்செட் அச்சகம். கல்யாணப் பத்திரிகைதான் சோறு போடுகிறது. அது போக செவ்வாய்பேட்டை கொலுசுக் கடைகளுக்கு அட்டைப் பெட்டி, ஜவ்வரிசி மூட்டைக்கு லேபிள், சித்திரை பிறந்தால் மாம்பழப் பெட்டிக்கு ஸ்டிக்கர், ஏற்காட்டு விடுதிக்காரர்களுக்கு நோட்டீஸ். மிஷின் வீட்டுக்காரர் பொறுப்பு. டிசைனும் கணக்கும் என் பொறுப்பு. நான் பி.காம். பேஜ்மேக்கர் 6.5-இல் பாமினி எழுத்துருவில் அடித்துப் பழகியவள். சர்வர் என்றால் ஹோட்டலில் தட்டுவடை செட் கொண்டுவந்து வைப்பவர் என்பதுதான் ரொம்ப நாள் வரைக்கும் எனக்குத் தெரிந்த அர்த்தம்.

முன்பெல்லாம் ரிசப்ஷனில் இருந்த விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை எல்லோருக்கும் பகிர்ந்து வைத்திருந்தோம். எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். ரிசப்ஷன் பொண்ணு மதியம் சாப்பிடப் போகும்போது கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை அணைத்துவிட்டுப் போவாள். உள்ளே நான்கு பேர் சேவ் கொடுத்தபடி உட்கார்ந்திருப்போம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு வைகாசி மாதத்தில். மிஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துரு போடவில்லை. அங்கே யாரோ ஒரு பத்திரிகையைத் திறந்து, எழுத்துரு இல்லை என்று கேட்டதற்கு ஓகே கொடுத்து, போகிற போக்கில் சேவும் செய்துவிட்டார்கள். மறுநாள் திறந்தால் 'சுற்றமும் நட்பும் சூழ' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரிசை கட்டி நிற்கிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு; அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க அரைப்புள்ளிச் சாவியைத்தான் தட்ட வேண்டும் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி புரியும். யார் செய்தது என்று கேட்டால் யாரும் செய்யவில்லை.

தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி வாங்கலாம் என்று விசாரித்தேன். டிஸ்க்கோடு சேர்த்துச் சொன்ன விலைக்கு ஒரு லேமினேஷன் மிஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். அப்போதுதான் எங்கள் அக்கா பையன் வந்தான். ஓசூரில் வேலை. பரணில் கிடந்த 4 ஜிபி மெமரி கம்ப்யூட்டரை இறக்கி, 2 டிபி டிஸ்க் இரண்டு மாட்டி, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் டெபியன் 12 என்ற லினக்ஸை ஏற்றினான். "சித்தி, கறுப்புத் திரையில கமாண்ட் அடிச்சுக் காட்டட்டுமா, இல்ல பிரவுசர்ல பட்டன் வேணுமா?" என்றான். நான் பட்டன் கேட்டேன். வெப்மினைப் போட்டுக் கொடுத்துவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான். ஷேர் (எல்லோருக்கும் பகிர்கிற ஃபோல்டர்), யூசர், பர்மிஷன் எல்லாம் அதற்குப் பிறகு நானே முட்டி மோதிச் செய்தவை. அதனால் இந்த மதிப்பீடு, கம்ப்யூட்டர் தெரியாத ஆள் கையில் கிடைத்தால் இந்தக் கருவி எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றியது.

வெப்மின் இலவசம். ஆஸ்திரேலியாக்காரரான ஜேமி கேமரன் 1997-இல் வெளியிட்டது, பெர்ல் மொழியில் எழுதியது. தனியாக வெப் சர்வர் எதுவும் தேவையில்லை, தனக்கு வேண்டியதைத் தானே கொண்டுவருகிறது. வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் சர்வரின் முகவரியைப் போட்டு, பின்னால் 10000 என்ற போர்ட் எண்ணை (சர்வரின் வாசல் எண் மாதிரி) சேர்த்தால் உள்ளே போகலாம். முதல் தடவை பிரவுசர் சிவப்பாக மிரட்டும். வெப்மின் தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வதால் வருகிற எச்சரிக்கை அது. நம் கடைக்குள்ளேயே இருக்கிற சர்வர் என்றால் தாண்டிப் போகலாம்.

சாம்பாவுக்கு இதைவிட வயசு அதிகம். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் கான்பராவில் படித்துக்கொண்டிருந்தபோது எழுத ஆரம்பித்து 1992-இல் வெளியிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைல் பகிரப் பேசும் பாஷைக்கு எஸ்எம்பி என்று பெயர். முதலில் வைத்த பெயரை வேறொரு கம்பெனி தன்னுடையது என்றதும், எஸ், எம், பி மூன்றும் இதே வரிசையில் வருகிற வார்த்தையை அகராதியில் தேடச் சொல்லியிருக்கிறார் கம்ப்யூட்டரை. வந்த வார்த்தைகளில் ஒன்று சாம்பா. மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். "நம்ம ஊர்ல தேடியிருந்தா சம்பான்னே வந்திருக்கும்" என்றார். விளக்கிப் பிரயோஜனமில்லை.

சாம்பாவுக்கே சொந்தமாக ஸ்வாட் என்றொரு பிரவுசர் கருவி முன்பு இருந்தது. 901-ஆம் போர்ட்டில் ஓடும். பராமரிக்க ஆள் இல்லாமலும் பாதுகாப்புத் தொல்லையாலும் 2013-இல் வந்த 4.1 பதிப்பில் அதைத் தூக்கிவிட்டார்கள். பழைய கையேடுகளைப் பார்த்து ஸ்வாட்டைத் தேடி அலைய வேண்டாம். நான் ஒரு சாயங்காலம் அலைந்தேன்.

வெப்மினில் நுழைந்ததும் சாம்பா பகுதி கண்ணில் படவில்லை. வெப்மினை முதலில் போட்டு சாம்பாவைப் பிறகு போட்டால், அது 'அன்யூஸ்டு மாட்யூல்ஸ்' என்ற மூலையில் தூங்கிக்கொண்டிருக்கும். 'ரெஃப்ரெஷ் மாட்யூல்ஸ்' தட்டினால் எழுந்து 'சர்வர்ஸ்' தலைப்புக்குக் கீழ் வந்து உட்காரும். இதுவும் பையனுக்கு ஒரு போன் செய்து தெரிந்துகொண்டதுதான்.

முதல் ஷேர் உருவாக்கிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கருவியின் நல்லதும் கெட்டதும் அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறது.

'கிரியேட் எ நியூ ஃபைல் ஷேர்' பக்கம் பார்க்க எளிமையாக இருக்கிறது. ஷேருக்குப் பெயர், எந்த ஃபோல்டர், அது இல்லாவிட்டால் நானே உண்டாக்கட்டுமா என்ற கேள்வி. அதற்குக் கீழே சின்னதாக மூன்று பெட்டி: உரிமையாளர், பர்மிஷன், குரூப். அவற்றில் ரூட், 755, ரூட் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. ரூட் என்பது லினக்ஸின் தலைமை நிர்வாகி. பெரியவர்கள் எழுதி வைத்ததை எதற்குக் கலைக்க வேண்டும் என்று அப்படியே விட்டேன். ஷேர் உருவானது. உள்ளே போய் 'ரைட்டபிள்?' என்ற கேள்விக்கு யெஸ் கொடுத்தேன். சேவ் கொடுத்தேன். விண்டோஸ் கம்ப்யூட்டரில் போய்த் திறந்தேன். திறந்தது! ஒரு ஃபைலை இழுத்துப் போட்டேன். அனுமதி இல்லை.

ரைட்டபிளை நோ ஆக்கி மறுபடி யெஸ் ஆக்கினேன். சாம்பாவை ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸை ரீஸ்டார்ட் செய்தேன். ஒரு டீ குடித்தேன். இரண்டு மணி நேரம் இப்படியே போன பிறகு ஓசூருக்குப் போன்.

"சித்தி, காம்பவுண்டு கேட்டு சாம்பா கையில இருக்கு. வீட்டுக் கதவு லினக்ஸ் கையில இருக்கு. கேட்டைத் தொறந்துட்டு, வீட்டைப் பூட்டி சாவிய ரூட் கிட்ட குடுத்துட்டீங்க."

அவ்வளவுதான் விஷயம். 755 என்பதில் முதல் எண் உரிமையாளருக்கு, இரண்டாவது குரூப்புக்கு, மூன்றாவது ஊருக்கு. படிக்க 4, எழுத 2, ஃபோல்டருக்குள் நுழைய 1. கூட்டிப் பார்த்தால் 7 என்றால் எல்லாம் செய்யலாம், 5 என்றால் நுழையலாம், படிக்கலாம், எழுத முடியாது. உரிமையாளர் ரூட், குரூப்பும் ரூட். நாங்கள் எல்லோரும் ஊர்க்காரர்கள். சாம்பா எழுதலாம் என்று சொன்னாலும் லினக்ஸ் எழுதவிடாது. இரண்டில் எது கண்டிப்பானதோ அது ஜெயிக்கும்.

வெப்மினின் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' பக்கத்தில் பிரஸ் என்று ஒரு குரூப் உண்டாக்கி, ஆறு பேரையும் அதில் சேர்த்தேன். வெப்மினுக்குள்ளேயே ஃபைல் மேனேஜர் இருக்கிறது. அதில் போய் ஃபோல்டரின் குரூப்பை மாற்றி 770 கொடுத்தேன். உடனே வேலை செய்தது. என் மனக்குறை என்னவென்றால், ரைட்டபிள் என்று நான் கேட்கிற அதே நேரத்தில், 'அம்மா, இந்த ஃபோல்டர் ரூட் பெயரில் இருக்கிறது, இவர்களால் எழுத முடியாது' என்று அது ஒரு வரி சொல்லியிருக்கலாம். இரண்டு பூட்டும் அதன் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு பக்கமும் தன் பூட்டைப் பற்றி மட்டும்தான் பேசும்.

மறுநாள் அடுத்த கூத்து. கொலுசுப் பெட்டி டிசைன் ஒன்றை நான் செய்து ஷேரில் வைத்தேன். எங்கள் டிசைனர் பொண்ணு திறந்து நிறம் மாற்றப் பார்த்தாள். "அக்கா, இது ரீட் ஒன்லின்னு வருதுங்க்கா." அவள் வைத்த ஃபைல் எனக்கு அப்படியே வந்தது. ஃபோல்டர் பொது, ஃபைல் தனி என்ற நிலைமை. சாம்பாவில் புது ஃபைலுக்கான மோட் எதையும் தொடாமல் விட்டால் 744. அதாவது வைத்தவர் திருத்தலாம், மற்றவர் பார்க்கலாம். ஷேருக்குள் 'ஃபைல் பர்மிஷன்ஸ்' என்று ஒரு ஐகான் இருக்கிறது. அங்கே 'நியூ யூனிக்ஸ் ஃபைல் மோட்' 660, 'நியூ யூனிக்ஸ் டைரக்டரி மோட்' 770, 'ஃபோர்ஸ் யூனிக்ஸ் குரூப்' பிரஸ். இந்த மூன்றையும் போட்ட பிறகு யார் வைத்தாலும் எல்லோரும் திருத்தலாம். ஆனால் இனி வரும் ஃபைல்களுக்குத்தான். ஏற்கெனவே வைத்தவற்றை ஃபைல் மேனேஜரில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்ற வேண்டும். அது தெரியாமல் இன்னொரு அரை நாள் போனது. சேலத்தில் எங்களைப் போலவே யாராவது அச்சகமோ ஸ்டுடியோவோ வைத்திருந்து இதைப் படித்தால், இந்த ஒரு பத்தியை மட்டும் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூசர் விஷயத்திலும் ஒரு இரட்டை வேஷம். லினக்ஸ் யூசருக்கு ஒரு பாஸ்வேர்டு, அதே ஆளுக்கு சாம்பாவில் தனி பாஸ்வேர்டு. 'கன்வெர்ட் யூசர்ஸ்' பக்கம் லினக்ஸ் ஆட்களை சாம்பாவுக்குள் கூட்டிக்கொண்டு போகும், ஆனால் பழைய பாஸ்வேர்டு கூட வராது. சாம்பாவுக்குத் தனியாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். ஆறு பேர் என்பதால் பத்து நிமிஷ வேலை.

ஆளுக்கொரு பாஸ்வேர்டு எதற்கு, எல்லோரையும் விருந்தாளியாக விட்டுவிடலாமே என்று வீட்டுக்காரர் கேட்டார். 'கெஸ்ட் ஆக்செஸ்' என்று வெப்மினில் வழியும் இருக்கிறது. ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினோம். புதிதாக வாங்கிய விண்டோஸ் 11 ப்ரோ கம்ப்யூட்டர் மட்டும் உள்ளே வர மறுத்தது. கம்ப்யூட்டர் விற்றவரிடம் கேட்டால் கேபிள் பழுது என்று இரண்டு கேபிள் விற்றுவிட்டுப் போனார். காரணம் வேறு. 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோவில் பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளித் தொடர்பை விண்டோஸே தடுக்கிறது. ஒவ்வொரு செய்தியிலும் கையெழுத்து வேண்டும் என்று கேட்கிறது, விருந்தாளிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்தத் தடையைத் தளர்த்த வழி உண்டு. எனக்கு மனசு வரவில்லை. எல்லோருக்கும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். விருந்தாளியாக ஒருமுறை நுழைந்த பழைய கம்ப்யூட்டர்கள் மட்டும் அதே சர்வருக்கு வேறு பெயரில் போக முடியாது என்று 1219 எண் போட்டு அடம்பிடித்தன. விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையதை அழித்து, ஒருமுறை லாக்ஆஃப் செய்ததும் சரியாகிவிட்டன.

பெயர் கொடுத்ததில் எதிர்பாராத லாபம் ஒன்று. சாம்பா பக்கத்தில் 'வியூ ஆல் கனெக்‌ஷன்ஸ்' என்று ஒரு பட்டன். யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எப்போதிலிருந்து, எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டும். ஆவணி முகூர்த்த நெருக்கடியில் ஓமலூர் பார்ட்டி புரூஃபுக்காக எதிரே உட்கார்ந்திருக்கிறார், பத்திரிகை ஃபைல் திறக்கவில்லை, வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். சத்தம் போட்டுக் கேட்டேன். நான் இல்லை, நான் இல்லை, நான் இல்லை. பட்டனைத் தட்டினேன். வீட்டுக்காரர். மாடியில் அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாலில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலேயே தொடர்பைத் துண்டிக்கவும் வழி இருக்கிறது. துண்டித்தேன். கேட்காமல் துண்டித்தது தப்பு என்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும் வரை பேச்சில்லை. சேவ் ஆகாத வேலை இருந்தால் போயிருக்கும் என்பது நியாயம்தான்.

பாமினி கதைக்கும் முடிவு கட்டியாகிவிட்டது. பிளேட்டுக்குப் போகிற ஃபைல்களுக்குத் தனி ஷேர் வைத்தேன். அதன் 'செக்யூரிட்டி அண்ட் ஆக்செஸ் கன்ட்ரோல்' பக்கத்தில் 'ரீட் ஒன்லி யூசர்ஸ்' என்ற இடத்தில் மிஷின் பக்கத்து யூசரின் பெயர். திறக்கலாம், பார்க்கலாம், பிளேட்டுக்கு அனுப்பலாம். சேவ் கொடுத்தால் ஏற்காது. மாஸ்டருக்கு முதலில் கௌரவக் குறைச்சலாக இருந்தது. "என்னை நம்பலையாம்மா?" என்றார். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரைத்தான் நம்பவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். கணக்கு ஷேரில் 'வேலிட் யூசர்ஸ்' என்ற இடத்தில் என் பெயரும் கணக்கு எழுதுகிற அக்கா பெயரும் மட்டும்.

அடுத்தது குப்பைத்தொட்டி. நெட்வொர்க் ஷேரில் ஒரு ஃபைலை அழித்தால் விண்டோஸின் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் பரலோகம். இது பல கடைக்காரர்களுக்குத் தெரியாது, அழித்த பிறகுதான் தெரியும். சாம்பாவில் இதற்கு 'ரீசைக்கிள்' என்ற துணைப்பகுதி இருக்கிறது. அதை நான் பட்டனில் செய்யவில்லை. 'எடிட் கான்ஃபிக் ஃபைல்' பக்கத்தில் சாம்பாவின் முழு அமைப்பும் எழுத்தாகத் தெரியும். அங்கே பையன் போனில் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தேன். அழிக்கிற எதுவும் ஷேருக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குப் போகும். எந்த ஃபோல்டரிலிருந்து அழித்தோமோ அதே அமைப்பு அங்கேயும் இருக்கும்படி வைக்கலாம். கோரல்டிரா ஒவ்வொரு சேவுக்கும் போடுகிற 'பேக்கப் ஆஃப்' ஃபைல்களை விலக்கிவிடச் சொல்லலாம். இல்லாவிட்டால் தொட்டி இரண்டே மாதத்தில் நிரம்பும்.

தொட்டி தானாகக் காலியாகாது. வெப்மினில் 'ஷெட்யூல்டு கிரான் ஜாப்ஸ்' பக்கம் இருக்கிறது. தினமும் ராத்திரி 30 நாளைக்கு மேற்பட்டதை அழி என்று ஒரு வேலை போட்டேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. அடுத்த மாதமே பெருமை போனது. 2019-இல் செய்த மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை ஒன்றை டிசைனர் பொண்ணு தெரியாமல் அழித்துவிட்டாள். அதே வீட்டில் இப்போது தங்கச்சிக்கு விழா, அதே மாதிரி வேண்டுமாம். "தொட்டியில இருக்கும், காலையில எடுத்துக்கலாம்" என்றேன். காலையில் தொட்டியில் இல்லை. தொட்டிக்குள் வந்த தேதி நேற்று, ஆனால் ஃபைலின் தேதி 2019-ஆகவே இருந்திருக்கிறது. என் வேலையாள் அந்தத் தேதியைப் பார்த்து, ஐந்து வருஷத்துக் குப்பை என்று ராத்திரியே கூட்டிவிட்டான். தொட்டிக்குள் போகும்போது தேதியைப் புதுப்பிக்க 'டச் எம்டைம்' என்று ஒரு வரி சேர்க்க வேண்டும், அதை நான் சேர்க்கவில்லை. வாரம் ஒருமுறை கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகிற தனி டிஸ்க்கில் ஒரு நகல் இருந்ததால் மானம் தப்பியது. பழி கருவிமேல் இல்லை, என்மேல்தான்.

வேகத்தைப் பற்றிக் கேட்பீர்கள். ஆல்பம் ஃபைல் ஒன்று 700 எம்பி வரும். ஐந்து கம்ப்யூட்டரில் பத்து விநாடிக்குள் வந்துவிடுகிறது. ஒன்றில் மட்டும் ஒரு நிமிஷம் ஆனது. வெப்மினில் இரண்டு நாள் குடைந்தேன். கடைசியில் பார்த்தால் அந்தக் கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளில் நான்கு கம்பிதான் கிரிம்ப் செய்திருந்தார்கள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். முன்பு விற்ற இரண்டு கேபிளில் ஒன்று அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2019 ஆகஸ்டில், வெப்மினின் 1.890 முதல் 1.920 வரையான பதிப்புகளில், அதைத் தயாரிக்கும் கம்ப்யூட்டரிலேயே யாரோ புகுந்து பின்வாசல் வைத்திருந்தது தெரியவந்தது. 1.930-இல் சரி செய்தார்கள். அதற்காக இதை ஒதுக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சர்வரின் மொத்தச் சாவிக்கொத்தும் கையில் வைத்திருக்கிற கருவி இது. ஒரு முகவரி, ஒரு பாஸ்வேர்டு தெரிந்தால் போதும், எல்லாம் போகும். அதனால் 10000-ஆம் போர்ட்டை ரூட்டரில் வெளியே திறக்கவே கூடாது. 'வெப்மின் கான்ஃபிகரேஷன்' உள்ளே 'ஐபி ஆக்செஸ் கன்ட்ரோல்' இருக்கிறது. என் கம்ப்யூட்டரும் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரும் தவிர வேறெதற்கும் அனுமதியில்லை. ஏற்காட்டு விடுதிக்காரர் ஒருவர் தன் புகைப்படங்களை நேராக எங்கள் சர்வரில் ஏற்ற முடியுமா என்று கேட்டார். பென்டிரைவில் கொடுத்தனுப்புங்கள், மலையிலிருந்து தினம் பஸ் வருகிறது என்றேன்.

சின்னச் சின்ன எரிச்சல்கள்: ஒவ்வொரு பக்கத்திலும் தேவைக்கு நான்கு மடங்கு கேள்விகள். 'ரீவேலிடேட் யூசர்ஸ்?', 'பாசிபிள் யூசர்ஸ்' என்றெல்லாம் வருகிறபோது பரீட்சை ஹால் நினைவு வருகிறது. தெரியாததைத் தொடாமல் விட்டுவிடுவதே உத்தமம். சேவ் கொடுத்தால் எழுதிக்கொள்கிறது, ஆனால் ரீஸ்டார்ட் பட்டனை நடு வேலையில் தட்டினால் திறந்திருக்கிற ஃபைல்கள் திண்டாடும். சாம்பா கொஞ்ச நேரத்தில் தானாகவே புது அமைப்பைப் படித்துக்கொள்ளும். அவசரம் என்றால் டீ நேரத்தில் தட்டுகிறேன். ஓப்பன்மீடியாவால்ட் என்று இன்னொன்று உண்டு, அழகாக இருக்கும், பர்மிஷன் குழப்பம் குறைவு என்றான் பையன். ஆனால் அது கம்ப்யூட்டர் முழுவதையும் தனக்கென்று கேட்கும். எங்கள் டப்பாவில் பிரிண்டரும் ஓடுகிறது, அதனால் மாறவில்லை.

யாருக்குச் சிபாரிசு செய்வேன்? ஐந்து பத்து கம்ப்யூட்டர், ஒரு பழைய பெட்டி, போனில் கூப்பிட்டால் எடுக்கிற ஒரு பையன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அந்தப் பையன் இல்லையென்றால் முதல் வாரம் அழுகை வரும், அடுத்த வாரம் நின்றுவிடும். என் கையில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது ரூட், 755-க்காக.

போன வாரம் சாம்பாவின் அமைப்பு ஃபைலை அப்படியே ஆர்ட் பேப்பர் வெட்டுத் துண்டில் பிரிண்ட் எடுத்து, சர்வருக்கு மேலே மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை படித்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது என்று நினைத்தேன். பிளேட் ஷேருக்கு நான் 'புரூஃப்' என்று ஆங்கிலத்தில் வைத்த பெயரில் இரண்டு ஓ வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினார். ஒன்றரை வருஷமாக ஆறு கம்ப்யூட்டரிலும் அந்தப் பெயரில்தான் டிரைவ் மேப் ஆகியிருக்கிறது. மாற்றினால் ஆறிலும் மறுபடி போட வேண்டும். தை முகூர்த்தம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.